தாளில் தப்பிய வானாய்வகம்

16ஆம் நூற்றாண்டு வானியலைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு படம் அநேகமாக இருக்கும். சுவரில் பதித்த பெரிய பித்தளை வில். அதன் உட்புறத்தில் தாடி வைத்த ஒருவர் அமர்ந்து, கையை நீட்டி உயரத்தில் எதையோ சுட்டிக்காட்டுகிறார். காலடியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கிறது. அவருக்குப் பின்னால் மூன்று தளங்கள் தெரிகின்றன. கீழே ரசவாத உலைகள். நடுவில் ஒரு பெரிய கோளமும், மேசைகளில் குனிந்து கணக்குப் போடுகிறவர்களும். மேல்தளத்தில் இரவு வானத்தை அளக்கும் உதவியாளர்கள்.

படத்தை முதல்முறை பார்ப்பவர்கள், அந்தத் தாடிக்காரர்தான் வானத்தை அளந்துகொண்டிருக்கிறார் என்று நினைப்பார்கள். உண்மையில் அவர், நாய், மூன்று தளங்கள் எல்லாமே அந்தச் சுவரில் தீட்டப்பட்ட ஓவியம். நிஜமாக வேலை பார்ப்பவர்கள் படத்தின் ஓரங்களில் இருக்கிறார்கள். வலது ஓரத்தில் ஒருவர், வில்லின் மேல் நகரும் பார்வைத் தகட்டில் கண்ணை வைத்து, எதிர்ச்சுவரின் உயரத்தில் உள்ள திறப்பு வழியாக நட்சத்திரம் கடப்பதைக் கவனிக்கிறார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறார். மூன்றாமவர் மேசையில் அமர்ந்து இரண்டையும் எழுதிக்கொள்கிறார். கண்ணுக்கு ஓர் ஆள், நேரத்துக்கு ஓர் ஆள், பதிவுக்கு ஓர் ஆள். ஒரு நவீன ஆய்வுக்கூடத்தின் வேலைப் பிரிவினை முழுவதும் அந்த ஒரே படத்தில் இருக்கிறது.

ஓவியத்தில் இருப்பவர் வானியலாளர் டைகோ பிராகே. இடம், அன்று டென்மார்க்குக்குச் சொந்தமாக இருந்த ஹ்வென் தீவு. கருவி 1582இல் பயன்பாட்டுக்கு வந்தது. வட்டத்தில் கால் பாகமான அந்த வில்லின் ஆரம் சுமார் 2 மீட்டர். சரியாக வடக்கு தெற்காக எழுப்பிய சுவரில் அதைப் பதித்திருந்தார்கள். ஒரு நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தில் அதன் உயரம் என்ன என்பதை அது சொல்லும். வெற்றுச் சுவரை அப்படியே விட டைகோவுக்கு மனம் வரவில்லை. அவருடைய உருவத்தை டோபியாஸ் கெம்பர்லே வரைந்தார், கட்டிடத்தின் உட்புறத்தைக் கட்டிடக் கலைஞர் ஹான்ஸ் வான் ஸ்டீன்விங்கல் வரைந்தார், மேலே தெரியும் நிலக்காட்சியை ஹான்ஸ் க்னீப்பர் வரைந்தார்.

அந்தச் சுவர் இன்று இல்லை. வில் இல்லை, வீடு இல்லை. டைகோ செய்வித்த பெருங்கருவிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நமக்குக் கிடைத்திருப்பவை படங்கள்தான். மரச்செதுக்கிலும் செப்புத்தகட்டிலும் அவரே முன்னின்று செய்வித்த படங்கள் அவற்றில் முக்கியமானவை. வானியல் வரலாற்றில் தன் வேலையை இவ்வளவு கவனமாகப் படமாக்கி வைத்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. அந்தப் படங்களை அலங்காரமாகப் பார்த்துவிட்டு நகர்வது நியாயமல்ல. அவை செய்முறைக் குறிப்புகள். படித்துப் பார்த்து அந்தக் கருவியைத் திரும்பச் செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள், அதுவும் சீனாவில்.

டைகோ 1546 டிசம்பர் 14 அன்று ஸ்கானியா பகுதியிலுள்ள க்னுட்ஸ்டார்ப் கோட்டையில் பிறந்தார். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் டென்மார்க்கின் உயர்ந்த பிரபுக் குடும்பங்கள். பிள்ளையில்லாத பெரியப்பா யோர்கன் பிராகே, குழந்தைக்கு இரண்டு வயதானபோது பெற்றோரிடம் கேட்காமலேயே தூக்கிப்போய்த் தன் மகனாக வளர்த்தார். படித்துப் பெரிய அரசாங்கப் பதவிக்கு வர வேண்டும் என்பது குடும்பத்தின் திட்டம்.

1560 ஆகஸ்ட் 21 அன்று ஒரு சூரிய கிரகணம் வந்தது. கோபன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்த 13 வயதுப் பையனைக் கிரகணம் கவர்ந்ததைவிட, அது இந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது கவர்ந்தது. மூன்று வருடம் கழித்து எதிர்மாறான பாடம் கிடைத்தது. 1563இல் வியாழனும் சனியும் வானில் நெருங்கி வந்தன. பழைய அல்ஃபோன்சோ அட்டவணைகள் சொன்ன நாள் ஏறக்குறைய ஒரு மாதம் பிசகியிருந்தது. கோப்பர்நிகஸின் முறைப்படி கணித்த புதிய அட்டவணைகூடச் சில நாட்கள் தவறியது. இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான் என்று அந்த 16 வயது மாணவன் முடிவுக்கு வந்தான்: யாரும் வானத்தை ஒழுங்காக, தொடர்ச்சியாக, நல்ல கருவிகளால் அளக்கவில்லை. அந்த ஒரு குறையைத் தீர்ப்பதிலேயே மீதி வாழ்நாள் முழுவதும் போயிற்று.

இடையில் மூக்கு போயிற்று. 1566 டிசம்பரில் ரோஸ்டாக் நகரில் மான்டெரூப் பார்ஸ்பெர்க் என்ற உறவினருடன் இருட்டில் வாள்சண்டை நடந்தது. டைகோவின் மூக்கின் ஒரு பகுதி வெட்டுப்பட்டது. அன்றிலிருந்து உலோகத்தாலான செயற்கை மூக்கை ஒட்டிக்கொண்டார். அது தங்கம், வெள்ளி என்று நானூறு ஆண்டுகள் கதை சொல்லப்பட்டது. 2010இல் ப்ராக் நகரிலுள்ள கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்தபோது, மூக்கெலும்பின் பகுதியில் செம்பும் துத்தநாகமும் தடயங்களாகக் கிடைத்தன. அதாவது, அன்றாடம் அணிந்தது பித்தளை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு யாக் டெ ஹெய்ன் செதுக்கிய டைகோவின் உருவப்படத்தைப் பார்க்க வேண்டும். முறுக்கிய நீண்ட மீசை, கழுத்தைச் சுற்றி மடிப்புக் காலர், மார்பில் பதக்கச் சங்கிலி. மூக்கின் மேல்பகுதியில் குறுக்கே ஒரு கோடு. ஓவியர் அதை மறைக்கவில்லை. சுற்றியுள்ள வளைவில் முன்னோர்களின் குலச்சின்னங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் இரண்டு பெயர்கள் நாடகம் படித்தவர்களை நிறுத்திப் பார்க்க வைக்கும்: ரோசன்கிரான்ஸ், குல்டன்ஸ்டேர்ன். ஹாம்லெட் நாடகத்தின் இரண்டு அரசவை நண்பர்களுக்கு ஷேக்ஸ்பியர் இந்தப் படத்திலிருந்தே பெயர் எடுத்தார் என்று சிலர் கருதுகிறார்கள். அது ஊகம்தான். ஆனால் ஹாம்லெட்டின் எல்சினோர் கோட்டைக்கும் டைகோவின் தீவுக்கும் நடுவே கொஞ்சம் கடல்தான் இருக்கிறது என்பது உண்மை.

1572 நவம்பர் 11 மாலை. ஹெர்ரிவாட் மடத்திலிருந்த ரசவாதக் கூடத்திலிருந்து இரவு உணவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த டைகோ தலையை நிமிர்த்தினார். காசியோப்பியா கூட்டத்தில், இல்லாத ஒரு நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக் கோளுக்கு இணையான பிரகாசம். தன் கண்ணை நம்பாமல் உடன் வந்த வேலையாட்களையும், வழியில் போன குடியானவர்களையும் நிறுத்தி, உங்களுக்கும் தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது.

சந்திரனுக்கு மேலே உள்ள வானம் மாறாதது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. எனவே இது காற்று மண்டலத்தில் ஏதோ எரிகிறது என்றுதான் படித்தவர்கள் பலரும் சொல்வார்கள். டைகோ அளந்தார். பக்கத்திலுள்ள பொருள் என்றால், பூமியில் நாம் நிற்கும் இடம் மாற மாற, பின்னணி நட்சத்திரங்களுக்கு நடுவே அது இடம்பெயர்ந்து தோன்ற வேண்டும். சந்திரன் அப்படித் தோன்றும். புதிய நட்சத்திரம் ஓர் இரவில் எழுந்து, உயர்ந்து, இறங்கும்வரை அண்டை நட்சத்திரங்களிலிருந்து அதே தூரத்தில் அசையாமல் இருந்தது. அப்படியானால் அது சந்திரனுக்கு அப்பால். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய சிறு நூலில் இதற்கு ஒரு படம் உண்டு. காசியோப்பியாவின் நட்சத்திரங்கள் எழுத்துகளால் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலே, மற்றவற்றைவிடப் பெரிதாக, ஒற்றை நட்சத்திரம். ஜோடனை எதுவும் இல்லாத அந்தச் சின்னப் படம், மாறாத வானம் என்ற நம்பிக்கையை உடைத்தது. டைகோ அன்று பார்த்தது வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரம், அதாவது சூப்பர்நோவா. அதன் எச்சத்தை இன்றும் எக்ஸ்ரே தொலைநோக்கிகள் படம் பிடிக்கின்றன.

பெயர் பரவியதும் டைகோ வெளிநாட்டில் குடியேற நினைத்தார், பாசெல் நகரம் மனத்தில் இருந்தது. அவரை இழக்க விரும்பாத மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக், 1576இல் ஹ்வென் தீவையே அவருக்குக் கொடுத்தார். தீவின் வரி வருவாயும், கட்டிடத்துக்கான பணமும், வேறு சில மானியங்களும் சேர்ந்து வந்தன. அந்த ஆகஸ்டில் ஆய்வகமாகவும் இருக்கப்போகும் வீட்டுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வானியலின் தேவதையான யுரேனியாவின் பெயரால் அதற்கு யுரானிபோர்க் என்று பெயரிட்டார்.

யுரானிபோர்க்கின் படங்களில் மிக அழகானது, அதன் முழு வளாகத்தையும் மேலிருந்து காட்டும் வரைபடம். சதுரமான மதில், அதன் நான்கு முனைகளும் நான்கு திசைகளைப் பார்க்கின்றன. உள்ளே பழத்தோட்டம், அதற்குள் மூலிகையும் பூக்களும் உள்ள பாத்திகள், நட்டநடுவில் வீடு. வடமுனையில் வேலையாட்களின் இருப்பிடம், தென்முனையில் அச்சுக்கூடம். இடதும் வலதும் துல்லியமாக ஒத்துப்போகும். வீட்டின் நடுவே நீரூற்று, அறைகளுக்குக் குழாய்த் தண்ணீர், நிலவறையில் உலைகள், உச்சியில் காற்றின் திசைக்குச் சுழலும் பறக்கும் குதிரை. தன் புத்தகங்களுக்கு வெளியாரை நம்பியிருக்க முடியாது என்று அச்சகம் வைத்தார். காகிதத் தட்டுப்பாடு வந்ததும், தீவின் குளங்களை இணைத்து நீரைத் தேக்கி ஒரு காகித ஆலையும் கட்டினார்.

தொலைநோக்கி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். டைகோவிடம் இருந்தது வெறுங்கண். ஆகவே துல்லியம் முழுவதும் இரண்டு இடங்களிலிருந்து வர வேண்டும்: எங்கே பார்க்கிறோம், என்ன படிக்கிறோம். இரண்டையும் அவர் திருத்தினார்.

பழைய கருவிகளில் சிறு துளை வழியாகப் பார்ப்பார்கள். துளை பெரிதானால் நட்சத்திரம் அதற்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாது, சிறிதானால் நட்சத்திரமே தெரியாது. டைகோவின் படங்களில் கண்ணருகே உள்ள தகட்டில் இணையான மெல்லிய பிளவுகள் காணப்படும். தூரத்து முனையில், அந்தப் பிளவுகளின் இடைவெளிக்குச் சமமான அகலத்தில் ஒரு சிறு தகடோ உருளையோ இருக்கும். இடது பிளவு வழியே பார்த்தால் அந்த உருளையின் இடது விளிம்பில் நட்சத்திரம் ஒட்டித் தெரிய வேண்டும். வலது பிளவிலும் அதே அளவு வெளிச்சத்தில் வலது விளிம்பில் தெரிய வேண்டும். இரண்டும் சமமானால்தான் கருவி சரியாகக் குறிபார்த்திருக்கிறது. கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் மங்கிவிடும்.

அடுத்தது அளவுகோல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வில்லின் விளிம்பில் கோலப் புள்ளிகளைப் போல மேலும் கீழுமாகச் சாய்ந்து ஓடும் புள்ளி வரிசை தெரியும். ஒரு பாகைக்கு 60 கலை. அருகருகே 60 கோடுகளை ஒரு பாகைக்குள் கீறினால் கண்ணால் பிரித்துப் படிக்க முடியாது. எனவே ஒவ்வொரு 10 கலைக்கும் நடுவே புள்ளிகளைச் சாய்வாக, ஒன்றுக்கொன்று விலக்கி வைத்தார்கள். இடம் கிடைத்தது, படிப்பதும் எளிதானது. சுவர்க் கருவியில் கலையின் ஆறில் ஒரு பங்குவரை, அதாவது 10 விகலைவரை பிரித்திருந்தார்கள். இந்தச் சாய்வுப் பிரிப்பை அவர் முதலில் கண்டுபிடிக்கவில்லை. பெரிய கருவிகளில் முறையாகக் கொண்டுவந்து நிலைநாட்டியவர் அவர்தான்.

பெரிய வீடு, உயரமான மாடங்கள். அங்கே காற்று ஒரு பிரச்சினை. கடல் நடுவில் உள்ள தீவில் காற்று மாடத்தை ஆட்டினால் கருவியும் ஆடும். 1584இல் பக்கத்திலேயே ஸ்டேர்னபோர்க் என்ற இரண்டாவது ஆய்வகத்தைத் தரைக்குக் கீழே கட்டினார். கருவிகள் நிலத்துக்குள் வட்டக் குழிகளில் உறுதியான அடித்தளத்தின் மேல் நின்றன, கூரைகள் மட்டும் வெளியே தெரிந்தன. அங்கே இருந்த பெரிய கோளவளையக் கருவியின் முதன்மை வளையம் மட்டும் சுமார் 2.7 மீட்டர் விட்டம். ஒரே அச்சில் சுழலும் ஒரு வளையமும், கீழே ஓர் அரை வட்டமும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்களைக் கோத்த பழைய கருவிகள் தங்கள் பாரத்திலேயே வளைந்துபோவதைப் பார்த்து, தேவையற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

ஸ்டேர்னபோர்க்கின் நடு அறையில் எட்டு வானியலாளர்களின் உருவங்கள் இருந்தன. டிமோகாரிஸ், ஹிப்பார்க்கஸ், டாலமி, அல்பத்தானி, அரசர் அல்ஃபோன்சோ, கோப்பர்நிகஸ், பிறகு டைகோ. எட்டாவது உருவம் இன்னும் பிறக்காதவர், டைகோவின் வழித்தோன்றலாக வரப்போகிறவர். தன் வேலை தன்னோடு முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார்.

இந்தப் படங்களில் இல்லாதவர்களையும் சொல்லியாக வேண்டும். மனைவி கிர்ஸ்டன் அவற்றில் இல்லை. பிரபு குலத்தைச் சேராத பெண் அவர். ஒரே வீட்டில் சாவிக்கொத்தோடு மூன்று குளிர்காலம் வாழ்ந்தால் மனைவி என்று டென்மார்க் சட்டம் ஏற்றுக்கொண்டது, ஆனால் பிள்ளைகளுக்குப் பிரபுப் பட்டமும் குலச்சொத்தும் கிடையாது. தங்கை சோஃபி இல்லை. 1573 டிசம்பர் சந்திர கிரகணத்தை அண்ணனுடன் சேர்ந்து அளந்தபோதே பதின்வயதுதான் அவருக்கு. பிறகு வானியலும் ரசாயனமும் மருந்துத் தோட்டமும் கற்றுத் தன் சொந்த அறிவால் பெயரெடுத்தார். தீவின் குடியானவர்களும் இல்லை. அதுவரை தங்கள் நிலத்தைத் தாங்களே பார்த்துவந்த அவர்கள், வாரத்துக்கு இரண்டு நாள் சூரிய உதயம் முதல் அஸ்தமனம்வரை டைகோவுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. மண் சுமந்ததும் குளம் வெட்டியதும் அவர்கள். மன்னரிடம் முறையிட்டும் பெரிய பலனில்லை. அந்த அழகான தோட்டப் படத்தைப் பார்க்கும்போது அவர்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1588இல் ஃபிரெடெரிக் இறந்தார். அவர் மகன் நான்காம் கிறிஸ்டியன் ஆட்சிக்கு வந்ததும் மானியங்கள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. 1597இல் டைகோ குடும்பத்தோடும், பெயர்த்து எடுக்க முடிந்த கருவிகளோடும் தீவைவிட்டு வெளியேறினார். ஹாம்பர்க் அருகே வான்ட்ஸ்பெக் கோட்டையில், ஹைன்ரிஷ் ரான்ட்சாவ் என்ற நண்பரின் விருந்தினராகத் தங்கியபோதுதான் அவர் அந்தப் புத்தகத்தை அச்சிட்டார். புதுப்பிக்கப்பட்ட வானியலின் கருவிகளைப் பற்றிய லத்தீன் நூல், 1598. பக்கத்துக்குப் பக்கம் ஒரு கருவியின் படம், எதிரில் அதன் அளவு, செய்முறை, பயன்பாட்டு விளக்கம். வீட்டின் படமும் தீவின் வரைபடமும்கூட உண்டு. சில பிரதிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டி அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் அனுப்பினார். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்குச் சமர்ப்பணம். ஆய்வகத்தை இழந்த ஒருவர் அடுத்த புரவலரைத் தேடி எழுதிய விண்ணப்பம் அது. அந்த நெருக்கடி வராமல் இருந்திருந்தால், இவ்வளவு முழுமையான படப் பதிவு நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

விண்ணப்பம் பலித்தது. 1599இல் ப்ராக் அழைத்தது. 1600 பிப்ரவரியில், டைகோ தங்கியிருந்த பெனாட்கி கோட்டைக்கு 28 வயதுக் கணித வல்லுநர் யோஹான்னஸ் கெப்ளர் வந்து சேர்ந்தார். இருவருக்கும் இடையே சண்டையும் சமாதானமுமாக ஒன்றரை வருடம்தான் கிடைத்தது. 1601 அக்டோபரில் ஒரு விருந்துக்குப் போய்வந்த டைகோவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. 24ஆம் தேதி இறந்தார். பாதரச விஷம் என்று பின்னாளில் எழுந்த சந்தேகத்தை, 2010இல் எடுத்த மாதிரிகள்மீது நடந்த ஆய்வு தள்ளிவிட்டது.

கெப்ளர் கையில் டைகோவின் செவ்வாய் அளவீடுகள் வந்தன. செவ்வாய் வட்டப்பாதையில் போகிறது என்று வைத்துப் பல ஆண்டுகள் கணக்குப் போட்டபின், ஒரு நல்ல மாதிரி கிடைத்தது. ஆனால் டைகோவின் அளவோடு 8 கலை வித்தியாசம். முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி. பழைய காலமாக இருந்தால் அளவில் பிழை என்று விட்டிருப்பார்கள். ஓரிரு கலைக்கு மேல் டைகோ தவறமாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும். எனவே வட்டத்தையே விட்டார். 1609இல் வெளிவந்த நூலில் செவ்வாய் நீள்வட்டத்தில் சுற்றியது.

1627இல் கெப்ளர் வெளியிட்ட ருடால்ஃப் அட்டவணையின் முகப்புப் படம் இந்தக் கதையையே வரைந்து காட்டுகிறது. வானியலுக்கு ஒரு கோயில். தூண்களில் டைகோவின் கருவிகள் தொங்குகின்றன. கோப்பர்நிகஸோடு பேசும் டைகோ, கூரையில் வரைந்த தன் சொந்தப் பிரபஞ்சத்தைச் சுட்டி, இப்படி இருந்தால் என்ன என்று கேட்கிறார். அதில் கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும். அவருடைய கொள்கை தோற்றது, அவருடைய அளவுகள் வென்றன. அடித்தளத்தின் நடுவில் ஹ்வென் தீவின் வரைபடம். பக்கத்துப் பலகையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தனியாகக் கணக்குப் போடுகிறார் கெப்ளர்.

கருவிகளுக்கு நல்ல சாவு வாய்க்கவில்லை. பேரரசர் 20,000 தாலருக்கு வாங்குவதாகச் சொல்லிப் பணத்தில் ஒரு பகுதியைத்தான் கொடுத்தார். பூட்டிக்கிடந்த கருவிகள் முப்பதாண்டுப் போரில் அழிந்தன. ஆயிரம் நட்சத்திரங்களைப் பொறித்த பித்தளைக் கோளம் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக் கோபன்ஹேகன் வந்து சேர்ந்து, 1728 பெருந்தீயில் போனது. யுரானிபோர்க்கை இடித்துச் செங்கல்லை வேறு வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1671இல் வானியலாளர் ஜான் பிக்கார் பாரிஸிலிருந்து அந்த இடத்தின் சரியான அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அளக்கப் போனபோது அஸ்திவாரம்தான் கிடைத்தது. அந்தப் பயணத்தில் உதவிய ஓலே ரோமர் என்ற டேனிஷ் இளைஞரை அவர் பாரிஸுக்கு அழைத்துப்போனார். ஐந்தாண்டு கழித்து, ஒளி பயணிக்க நேரம் எடுத்துக்கொள்கிறது என்று காட்டியவர் அந்த ரோமர்தான்.

படங்களோ பெருகின. ஹ்வென் தீவில் டைகோவிடம் மாணவராக இருந்தவர் ஆம்ஸ்டர்டாமின் வில்லெம் பிளாவ். அவர் மகன் யோவான் பிளாவ் 1662இல் வெளியிட்ட மாபெரும் நிலப்பட நூலில், தீவையும் வீட்டையும் கருவிகளையும் புதிய செப்புத்தகடுகளில் செதுக்கிச் சேர்த்தார். இன்று இணையத்தில் வண்ணத்தில் சுற்றும் பல படங்கள் அந்த நூலிலிருந்து வந்தவை. அடுத்த பத்தாண்டில், பீக்கிங் பேரரசு வானாய்வகத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பைச் சீனப் பேரரசர் காங்ஷி, ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாருக்குக் கொடுத்தார். வெர்பீஸ்ட் டைகோவின் வடிவமைப்பைப் பின்பற்றி, சீன டிராகன்கள் தாங்கும் ஆறு பெரிய வெண்கலக் கருவிகளை வார்த்து 1673இல் முடித்தார். ஐரோப்பாவில் அழிந்த கருவிகள் ஆசியாவில் மறுபடி எழுந்து நின்றன. 1900இல் பீக்கிங்குக்குள் புகுந்த வெளிநாட்டுப் படைகள் அங்கிருந்த கருவிகளைப் பங்குபோட்டன. ஜெர்மானியர் போட்ஸ்டாமுக்குக் கொண்டுபோனவை 1921இல்தான் திரும்பி வந்தன.

அன்றைய பீக்கிங்கான பெய்ஜிங்குக்குப் போகிறவர்கள் பழைய மதிலின் மேல் இருக்கும் அந்த வானாய்வக மேடைக்கு ஏறிப் பாருங்கள். இன்று ஸ்வீடனுக்குச் சொந்தமான தீவுக்குப் போக முடிந்தவர்கள், ஓரளவு மீட்டெடுக்கப்பட்ட தோட்டத்தையும் பழைய தேவாலயத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தையும் காணலாம். எங்கும் போக முடியாதவர்களுக்கு 1598ஆம் ஆண்டு நூலின் பக்கங்கள் மின்னுருவில் இலவசமாகக் கிடைக்கின்றன. லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஏதாவது ஒரு கருவியின் படத்தை எடுத்து, அளவுகோல் உள்ள விளிம்பைத் திரையில் முடிந்த மட்டும் பெரிதாக்கி, புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.